பழைய கணிப்பொறியில் யூனிக்ஸ்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்

கணிப்பொறி என்றவுடன் நம் கண்முன் நிற்பது ஒரு பெட்டி. பெட்டி வேறு, அதை நடத்துகிற இயக்க அமைப்பு வேறு என்பதை வகுப்பில் படித்திருக்கிறோம், தேர்விலும் எழுதியிருக்கிறோம். ஆனால் ஒரு பெட்டியிலிருந்து இயக்க அமைப்பைத் தம் கையாலேயே நீக்கி, வேறொன்றை அமர்த்திப் பார்த்தவர்கள் நம்மில் சிலரே. 2025 ஜூன் முதல் தீபாவளி வரை இரண்டு பழைய கணிப்பொறிகளோடு நான் பட்ட பாட்டையும் அதில் கற்றதையும் இங்கே எழுதுகிறேன். இயற்பியல் படிப்பவர்க்கு இந்த வேலை எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன்.

எங்களுடையது பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடும்பம். 1964-ஆம் ஆண்டுச் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர் என் தாத்தா. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு மலையேறி வந்தவர். அவர் கொண்டுவந்த குடும்ப அட்டையை வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தோம். 2019 ஆகஸ்டு மழையில் லயன் வீட்டுக் கூரை ஒழுகி அட்டை நனைந்தது. மை கரைந்து, எண் எது எழுத்து எது என்று தெரியாமற் போயிற்று. நல்ல வேளையாக அதற்கு முன்பே அக்கா அதை ஸ்கேன் செய்து தன் மடிக்கணிப்பொறியில் வைத்திருந்தாள். 2025 ஜூனில் எனக்கு வேண்டிய ஒரு சான்றுக்காக அந்த அட்டையின் எண்ணைக் கேட்டார்கள். திருப்பூரில் வேலை பார்க்கும் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். “பரண்ல என் லேப்டாப் இருக்கு, அதுல பாரு” என்றாள்.

அது தமிழக அரசின் விலையில்லா மடிக்கணிப்பொறி. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அத்திட்டத்தில், பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது 2012-ல் அக்கா பெற்றது. பொத்தானை அமுக்கினேன். கறுப்புத் திரை, உள்ளே டிக், டிக் என்று ஒரு சத்தம், வேறொன்றும் இல்லை. ஊட்டிக்கு எடுத்துவந்து ஒரு கடையில் காட்டினேன். “டிஸ்க் போச்சு. பழைய மாடல். உள்ளே இருந்ததை மறந்துடுங்க” என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் துறை ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி: “போனது வட்டா, வட்டின் ஒரு பகுதியா, அல்லது விண்டோஸா?” எனக்கு விடை தெரியவில்லை. அந்த மடிக்கணிப்பொறியைத் தொடக் கூடாது என்று முதலில் உத்தரவு போட்டார். பழுதான வட்டை ஒவ்வொரு முறை ஓடவிடும்போதும் மிச்சம் இருப்பதும் தேயும். ஆகவே இழந்தாலும் அழவேண்டாத ஓர் இயந்திரத்தில் முதலில் கற்றுக்கொள் என்று தம் வீட்டுப் பரணில் கிடந்த மேசைக் கணிப்பொறியைக் கொடுத்தார். மூடப்பட்ட பிரவுசிங் சென்டர் ஒன்றிலிருந்து பழைய விலைக்கு வாங்கியதாம். பென்டியம் 3 செயலி, 128 எம்பி நினைவகம், 20 ஜிபி வட்டு. பென்டியம் 3 வெளிவந்தது 1999-ல், என்னைவிட மூத்தது.

இதற்கு எந்த இயக்க அமைப்பை இடுவது? இன்றைய விண்டோஸ் இதில் நிற்கவும் இடமில்லை. லினக்ஸ் வகைகளும் ஒவ்வொன்றாக 32 பிட் இயந்திரங்களைக் கைவிட்டு வருகின்றன. புகழ்பெற்ற டெபியனே 2025 ஆகஸ்டில் வெளியிட்ட 13-ஆம் பதிப்பில் இத்தகைய கணிப்பொறிகளில் புதிதாக நிறுவும் வழியை நிறுத்திவிட்டது. அதனால் ஆசிரியர் காட்டியது நெட்பிஎஸ்டி. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யூனிக்ஸின் நேர்வழியில், 1993-ல் தோன்றியது. பழைய இயந்திரங்களை விடாமல் சுமந்து செல்வதே அதன் பெருமை. பென்டியம் 3-க்கு அதில் இன்றும் இடமுண்டு.

இவ்விடத்தில் கணிப்பொறி எப்படி விழித்தெழுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் காலைப் பிரட்டு நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மின்சாரம் பாய்ந்ததும் முதலில் எழுவது பயாஸ் என்னும் சிறு நிரல். அது தாய்ப்பலகையிலேயே ஒரு சில்லில் பதிந்திருக்கிறது. நினைவகம் வந்ததா, விசைப்பலகை வந்ததா, வட்டு வந்ததா என்று பேர் கூப்பிட்டுப் பார்க்கும். அதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. கோப்பு என்றால் என்ன என்றுகூடத் தெரியாது. வட்டின் முதல் 512 பைட்டை எடுத்து நினைவகத்தில் வைத்து, “இனி நீ பார்த்துக்கொள்” என்று ஒதுங்கிவிடும்.

அந்த 512 பைட்டுக்குள் எவ்வளவு சிக்கனம் பாருங்கள். 446 பைட் நிரலுக்கு. 64 பைட் வட்டின் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு. பாகம் ஒன்றுக்கு 16 பைட் வீதம் நான்கு பாகங்கள். மீதி 2 பைட் முத்திரை. 446 பைட் நிரல் ஒரு பாகத்தைத் தேடி அதிலுள்ள பெரிய ஏற்றியை எழுப்ப, அது கெர்னல் எனப்படும் கருவை எழுப்ப, கரு மற்ற எல்லாவற்றையும் எழுப்பும். இந்த 446 பைட்டை நினைவில் வையுங்கள். பின்னால் ஒரு புதிரை அதுதான் அவிழ்த்தது.

குறுந்தகட்டில் எழுதிக்கொண்டு வந்த நெட்பிஎஸ்டியைப் பென்டியம் முதல் நாள் படிக்கவே இல்லை. குறுந்தகட்டு ஓட்டியின் கண்ணாடிவில்லையில் பூசணம். நம் ஊர் ஈரத்தில் கேமரா வில்லையிலேயே பூசணம் படரும்போது இதற்கு மட்டும் விதிவிலக்கு ஏது? பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்ததும் படித்தது. அதன் பிறகு நிறுவுவது நான் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. படங்கள் கிடையாது, சுட்டி கிடையாது. எழுத்தை அமுக்கித் தேர்ந்தெடுக்கும் பட்டியல்கள் மட்டும். எந்த வட்டு, எத்தனை பாகம், நினைவகம் போதாதபோது வட்டில் கடன் வாங்க எவ்வளவு இடம், அடிப்படைக் கருவிகள் வேண்டுமா, சி மொழி வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. விண்டோஸ் நிறுவும்போது இவற்றுள் பலவற்றை அது தானே தீர்மானித்துக்கொள்ளும். இங்கே நாம் விடை சொல்ல வேண்டியிருப்பதால், கேள்விகள் இருக்கின்றன என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு முறை தவறாகப் பாகம் பிரித்து இரண்டு முறையும் அழித்தேன். மூன்றாம் முறை திரையில் பச்சை எழுத்தில் வரிகள் ஓடின. கரு தான் கண்ட ஒவ்வொரு சாதனத்தையும் பெயர் சொல்லி அறிவிக்கிறது: செயலி இன்னது, நினைவகம் இவ்வளவு, வட்டு இன்ன நிறுவனத்தது. நடுவே ஓர் எச்சரிக்கை: கடிகாரம் காட்டும் நேரம் நம்பத்தகாத அபத்தமாக இருக்கிறது, தேதியைச் சரிபார் என்று. இயந்திரத்திடம் திட்டு வாங்கியது அன்றுதான். தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும் சிஆர்2032. மாற்றியதும் எச்சரிக்கை நின்றது.

யூனிக்ஸ் பிறந்த கதையும் பழைய இயந்திரத்தின் கதைதான் என்று அப்போது ஆசிரியர் சொன்னார். அமெரிக்காவின் பெல் ஆய்வகம் மல்டிக்ஸ் என்ற மாபெரும் இயக்க அமைப்புத் திட்டத்திலிருந்து 1969-ல் விலகியது. அங்கே பணியாற்றிய கென் தாம்சனுக்கு நல்ல கணிப்பொறி கிடைக்கவில்லை. யாரும் அதிகம் பயன்படுத்தாமல் கிடந்த பிடிபி-7 ஒன்று கிடைத்தது. அன்றைக்கே பழமைப்பட்ட பொறி. நினைவகம் 18 பிட் சொற்கள் 8,192. கணக்கிட்டுப் பார்த்தால் நம் அளவில் 18 கிலோபைட். நம் கல்லூரி மலரின் ஒரு பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்தால் அதைவிடப் பன்மடங்கு பெரிய கோப்பாகும். அந்த இடத்துக்குள் தாம்சனும் டென்னிஸ் ரிட்சி முதலிய நண்பர்களும் எழுப்பியதே யூனிக்ஸ். 1973-ல் அதைச் சி மொழியில் திருப்பி எழுதினார்கள். அதனால்தான் அது இயந்திரம் விட்டு இயந்திரம் தாவ முடிந்தது. 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் வீட்டுக் கணிப்பொறிக்காக எழுதத் தொடங்கிய லினக்ஸ், யூனிக்ஸின் நிரலை எடுக்காமல் அதன் வழியை மட்டும் எடுத்துக்கொண்டது.

பழைய உடலில் புதிய உள்ளீடு என்பது நீலகிரியில் இருக்கும் நமக்குப் புதிதன்று. முத்தோரை வானொலித் தொலைநோக்கியை இயற்பியல் துறையினர் எல்லோரும் பார்த்திருப்போம். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள அது 1970-ல் நிறுவப்பட்டது. மலைச் சரிவு அவ்விடத்து அட்சரேகைக்கு இசைந்து ஏறத்தாழ 11 பாகை சாய்ந்திருப்பதால் அங்கே வைத்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் அதன் 1,056 இருமுனை ஏற்பிகளுக்கும் தனித்தனியே இரைச்சல் குறைந்த பெருக்கிகளைப் பொருத்தினார்கள். எஃகுச் சட்டங்கள் பழையன. கேட்கும் திறனோ பன்மடங்கு கூடியது. யாரும் அந்தச் சட்டங்களைப் ‘பழைய மாடல்’ என்று கழித்துவிடவில்லை.

யூனிக்ஸின் கருத்துக்களுள் என் வேலைக்கு உதவியது ஒன்று. சாதனங்களையும் அது கோப்பாகவே காட்டுகிறது. விசைப்பலகையும் அச்சுப்பொறியும் வட்டும் ‘டெவ்’ என்னும் அடைவில் பெயரோடு நிற்கும். கோப்பைப் படிக்கத் தெரிந்த எந்த நிரலும் வட்டையும் படிக்கும். இதைப் புத்தகத்தில் படித்தபோது ஒரு சாதாரண வாக்கியமாகத்தான் இருந்தது. பென்டியத்தில் முழு வட்டையும் குறிக்கும் அந்தப் பெயரைக் கொடுத்து முதல் 512 பைட்டை மட்டும் நகலெடுத்து, பதினாறடிமான எண்களாக அச்சிட்டுப் பார்த்தேன். கடைசி இரண்டு பைட் 55, ஏஏ. பாடத்தில் சொல்லியிருந்த அதே முத்திரை! ஆய்வகத்தில் நிறமாலைக் கோடு சொன்ன இடத்தில் தெரிவதுபோல ஒரு மகிழ்ச்சி.

ஆகஸ்டில்தான் அக்காவின் மடிக்கணிப்பொறியைத் தொட்டேன். 2 ஜிபி நினைவகம், 320 ஜிபி வட்டு. டெபியன் 12-ஐ யூஎஸ்பி குச்சியில் எழுதி, நிறுவாமல் குச்சியிலிருந்தே ஓடவிட்டேன். இம்முறையில் எல்லாம் நினைவகத்தில் நடக்கும். உள்ளிருக்கும் வட்டில் நாம் கேட்காமல் எதுவும் எழுதப்படாது. திரை ஒளிர்ந்தது. ஆக, இயந்திரம் சாகவில்லை. வட்டும் முழுதாகச் சாகவில்லை. பாகப் பட்டியலைக் கேட்டேன், வந்தது. ஆனால் கருவின் அறிக்கையில் படிக்க முடியாத இடங்கள் பற்றிய பிழைகள் வரிவரியாக வந்தன.

இப்போது கோப்புகளைத் தேடித் திறக்கலாமா? கூடாது என்றார் ஆசிரியர். ஒவ்வொரு கோப்பாகத் தேடினால் முள் வட்டெங்கும் அலையும். பழுதான இடத்தில் மீண்டும் மீண்டும் முட்டும். வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு, நகலில்தான் தேட வேண்டும். இதற்கென்றே ‘டிடிரெஸ்க்யூ’ என்ற கருவி இருக்கிறது. நல்ல இடங்களையெல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிச் சென்று, பிறகு திரும்பி வந்து சிறிது சிறிதாகச் சுரண்டும். கொழுந்து பறிப்பவர்கள் வழுக்கும் சரிவைக் கடைசிக்கு விடுவது போல. எங்கே முடிந்தது, எங்கே மிச்சம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். பாதியில் நின்றாலும் அந்தக் குறிப்பைப் பார்த்து விட்ட இடத்தில் தொடரும்.

ஆசிரியர் தம் 1 டிபி வெளிவட்டைக் கடன் கொடுத்தார். நொடிக்கு 30 எம்பி வீதம் 320 ஜிபிக்கு மூன்று மணி நேரம் என்று கணக்குப் போட்டு இரவு எட்டு மணிக்குத் தொடங்கினேன். முதல் இரவு முற்றிலும் வீண். நகலை வெளிவட்டில் எழுதச் சொன்ன நான், வரைபடக் கோப்பை என் முகப்பு அடைவில் வைத்திருந்தேன். குச்சியிலிருந்து ஓடும் அமைப்பில் முகப்பு அடைவு இருப்பது நினைவகத்தில்! நள்ளிரவுக்குப் பின் காற்றோடு மழை; மின்சாரம் போயிற்று. மடிக்கணிப்பொறியின் மின்கலம் செத்து எத்தனையோ ஆண்டுகள். நினைவகத்தில் இருந்த குறிப்பும் போயிற்று. எது நல்ல இடம், எது கெட்ட இடம் என்று தெரியாமல் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. வட்டுக்கோ இன்னொரு முழு ஓட்டம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எண் போனால் தாத்தா திரும்பி வந்து சொல்லப் போவதில்லை.

மறுமுறை வரைபடக் கோப்பையும் வெளிவட்டிலேயே வைத்தேன். மின்சாரம் அன்றும் இருமுறை போயிற்று. இருமுறையும் விட்ட இடத்தில் தொடர்ந்தது. மூன்றாம் நாள் காலையில் சில நூறு கிலோபைட் தவிர மற்றனைத்தும் வந்துவிட்டன. இனி அந்தப் பெரிய கோப்பையே ஒரு வட்டாகக் கருதும்படி சொல்லி, எழுத முடியாத வகையில் இணைத்தேன். வட்டைக் கோப்பாகப் பார்க்கலாம் என்றால் கோப்பை வட்டாகவும் பார்க்கலாம் அல்லவா!

பாகப் பட்டியலில் ஒரு வியப்பு இருந்தது. விண்டோஸ் பாகங்களுக்குப் பின்னால் லினக்ஸ் பாகம் ஒன்று. திறந்து பார்த்தால் பாஸ் லினக்ஸ். சென்னை சி-டாக் நிறுவனம் 2007-ல் டெபியனை அடிப்படையாகக் கொண்டு வெளியிட்ட இந்திய இயக்க அமைப்பு. அரசு மடிக்கணிப்பொறிகளில் விண்டோஸோடு இதையும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள். அக்காவைக் கேட்டேன். “ஆரம்பத்துல ஆன் பண்ணா ரெண்டு பேர் வரும். கீழே இருக்கறதைத் தொடாதேன்னு எல்லாரும் சொன்னாங்க. அப்புறம் ஒரு தடவை வைரஸ்னு கடையில குடுத்து விண்டோஸ் போட்டேன், அதுக்கப்புறம் அந்தப் பேரே வரல.” காரணம் அந்த 446 பைட்தான். மறுபடி நிறுவிய விண்டோஸ் முதல் 446 பைட்டைத் தன் நிரலால் நிரப்பிக்கொண்டது. பாகம் அப்படியே இருக்க, அதற்கு வழி காட்டும் வரி மட்டும் அழிந்தது. வீடு இருந்தது, வாசல் அடைபட்டது. உள்ளே போய்ப் பார்த்தேன்: அக்காவின் அடைவில் ஒரு கோப்பும் இல்லை. 2012-ஆம் ஆண்டுத் தேதியோடு காலியாக இருந்தது. இயக்க அமைப்பைக் கொடுத்தார்கள். அது எதற்கு என்று சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

குடும்ப அட்டையின் படம் ஸ்கேனர் இட்ட பெயரில், புகைப்படங்களுக்கிடையே இருந்தது. இரண்டு பக்கம். முதற்பக்கம் முழுதாகத் திறந்தது: தாத்தாவின் பெயர், தோட்டத்தின் பெயர், அட்டை எண். இரண்டாம் பக்கம் மேலே கால்பங்கு மட்டும் தெளிவு. அதன்கீழ் சாம்பல் நிறம். இவ்வகைப் படக்கோப்பில் நடுவே சில பைட் அழிந்தால், அதற்குப் பின் வருவதைப் பிரித்தறிய முடியாமற் போகும். அந்தச் சாம்பலுக்குள் இருப்பவை பிள்ளைகளின் பெயர்கள். அச்சிட்டு வீட்டுக்கு எடுத்துச் சென்றபோது அப்பா முதற்பக்கத்தைப் பார்க்கவில்லை. இரண்டாம் பக்கத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கே கப்பலில் கூட வந்து, மண்டபத்தில் காய்ச்சலில் இறந்த தம் தங்கையின் பெயர் இருந்ததாம். வேறு எங்கும் அந்தப் பெயர் எழுதியிருக்கவில்லை. நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

எண் கிடைத்ததால் சான்று நவம்பரில் வந்தது.

மடிக்கணிப்பொறிக்குப் பழைய வட்டைக் கழற்றிவிட்டு 120 ஜிபி திண்மநிலை வட்டு ஒன்று வாங்கிப் போட்டேன். செயலி 64 பிட் ஆதலால் டெபியன் 12 தடையின்றி ஏறியது. இலேசான எல்எக்ஸ்கியூடி முகப்பைத் தேர்ந்தெடுத்தேன். சும்மா இருக்கும்போது அரை ஜிபிக்குள் அடங்குகிறது. தமிழ்99 விசைப்பலகையும் தமிழ் எழுத்துருவும் இணைத்து இக்கட்டுரையை அதிலேயே தட்டச்சு செய்தேன். எல்லாம் நன்று என்று சொல்லமாட்டேன். இணைய உலாவியில் நான்கைந்து பக்கம் சேர்ந்தாற்போல் திறந்தால் மூச்சு முட்டுகிறது. காணொளி தயங்கித் தயங்கி ஓடுகிறது. எழுத, கணக்குப் போட, சி மொழியும் பைத்தானும் பழக, ஆய்வகக் குறிப்புகளுக்கு வரைபடம் வரைய இது போதும். பென்டியம் 3-இல் இவற்றுள் எழுதுவதும் சி மொழியும் மட்டும். அதையும் கறுப்புத் திரையில் பழக வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், விடுதியில் பலருடைய கணிப்பொறிகள் ‘பழைய மாடல்’ வரிசைக்கு வந்திருக்கின்றன. அரசு மடிக்கணிப்பொறிகளும் ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் இருக்கும். டெபியன் எழுதிய குச்சியும் அந்தப் பென்டியமும் என்னிடமே இருக்கின்றன. முயன்று பார்க்க விரும்பும் நண்பர்கள் சனிக்கிழமை பிற்பகலில் விடுதிக்கு வரலாம். வட்டு டிக், டிக் என்று சத்தமிட்டால் வழியில் எங்கும் போட்டுப் பார்க்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். கூடவே அதைவிடப் பெரிய வெளிவட்டு ஒன்றும்.